டீசல் பிக்கப்புக்குத் தனி லிஃப்ட் பம்ப் எதற்கு?

அமெரிக்காவில் டீசல் பிக்கப் வைத்திருக்கும் இரண்டு பேர் சந்தித்தால் பேச்சு சீக்கிரமே பம்புக்கு வந்துவிடும். "பம்ப் மாட்டினேன், வண்டி பறக்குது" என்பார் ஒருவர். "பம்ப் போச்சு, பத்தாயிரம் டாலர் காலி" என்பார் இன்னொருவர். பக்கத்தில் நின்று கேட்பவர், இருவரும் ஒரே பொருளைப் பற்றித்தான் பேசுகிறார்கள் என்று நினைத்துக்கொள்வார். முதல் ஆள் மாட்டியது சில நூறு டாலர் பம்ப். இரண்டாவது ஆளுக்குப் போனது வேறு பம்ப். இந்த ஒரு குழப்பத்தால் தேவையில்லாதவர்கள் காசு செலவழிக்கிறார்கள், தேவையானவர்கள் மாட்டாமலே ஓட்டுகிறார்கள்.

கொலராடோவில் இருக்கும் நண்பர் ஒருவர் தன் பழைய பிக்கப்புக்கு லிஃப்ட் பம்ப் ஒன்றை மாட்டியபோது வண்டிக்கு அடியில் நானும் ஒரு நாள் முழுக்கக் கிடந்தேன். அந்த ஒரு நாளில் கற்றதையும், அதற்குப் பிறகு தேடித் தெரிந்துகொண்டதையும் முதல் முறை கேட்பவருக்குப் புரிகிற மாதிரி சொல்லப் பார்க்கிறேன்.

கொத்தனாரும் சித்தாளும்

டீசல் இன்ஜினில் எரிபொருள் வேலையை இரண்டு பம்புகள் பிரித்துக்கொள்கின்றன. தொட்டியிலிருந்து டீசலை எடுத்து இன்ஜின் வரைக்கும் கொண்டுபோய்க் கொடுப்பது லிஃப்ட் பம்ப். நம் ஊர்ப் பட்டறைகளில் ஃபீட் பம்ப் என்பார்கள். அப்படி வந்த டீசலை அழுத்தி, சிலிண்டருக்குள் பீய்ச்சுகிற அளவுக்கு ஏற்றிவிடுவது ஹை பிரஷர் பம்ப்.

கட்டட வேலை மாதிரி யோசியுங்கள். செங்கல்லையும் கலவையையும் எடுத்துக் கொடுப்பவர் சித்தாள், சுவர் எழுப்புகிறவர் கொத்தனார். லிஃப்ட் பம்ப் சித்தாள், ஹை பிரஷர் பம்ப் கொத்தனார்.

இரண்டுக்கும் உள்ள அழுத்த வித்தியாசம் மலைக்கும் மடுவுக்குமானது. அமெரிக்க வண்டிகளில் அழுத்தத்தை பிஎஸ்ஐ கணக்கில் சொல்வார்கள். ஒரு சதுர அங்குலத்தின் மேல் எத்தனை பவுண்டு எடை அழுத்துகிறது என்பதே பிஎஸ்ஐ. கார் டயரில் இருப்பது 32, 35 பிஎஸ்ஐ. பல வண்டிகளில் லிஃப்ட் பம்ப் தருவது அதில் பாதிகூட இருக்காது. ஆனால் 2003ல் ராம் பிக்கப்பில் வந்த 5.9 லிட்டர் கம்மின்ஸ் இன்ஜினில் ஹை பிரஷர் பம்ப் சுமார் 23,000 பிஎஸ்ஐ வரை ஏற்றியது. 2011ல் வந்த ஜெனரல் மோட்டார்ஸின் டுராமேக்ஸ் இன்ஜினில் அது 29,000.

கடையில் கிட்டாக வாங்கி வீட்டிலேயே மாட்டுகிறார்களே, அது பெரும்பாலும் லிஃப்ட் பம்ப். பத்தாயிரம் டாலர் செலவு வைப்பது கொத்தனார் பம்ப்.

பம்ப் இழுப்பதில்லை

"பம்ப் டீசலை இழுக்கிறது" என்று எல்லோரும் சொல்கிறோம். உண்மையில் எந்தப் பம்பும் திரவத்தை இழுக்க முடியாது. தன் வாயருகே அழுத்தத்தைக் குறைத்து வைக்கும், அவ்வளவுதான். தொட்டியில் இருக்கும் டீசலை வெளிக்காற்றின் எடைதான் அந்தப் பக்கமாகத் தள்ளிவிடுகிறது.

கிணற்றுப் பாசனம் பார்த்தவர்களுக்கு இது தெரிந்த விஷயம்தான். தண்ணீர் மட்டம் 25 அடிக்குக் கீழே போய்விட்டால் மேலே இருக்கும் மோட்டார் எத்தனை குதிரைத்திறன் ஆனாலும் தண்ணீர் எடுக்காது. காற்றால் தண்ணீரைத் தள்ளிவிட முடிகிற உயரம் கணக்குப்படி 34 அடி, நடைமுறையில் அதைவிடக் குறைவு. அதனால்தான் கிணற்றுக்குள்ளேயே திண்டு கட்டி மோட்டாரை இறக்கி வைத்தார்கள். கீழேயிருந்து மேலே தள்ளுவதற்கு அப்படி எல்லை கிடையாது. மோட்டாருக்கு வலு இருக்கிற வரை தள்ளலாம்.

பிக்கப்பில் டீசல் ஏற வேண்டிய உயரம் ஒன்றிரண்டு அடிதான். ஆனால் தொட்டிக்குள் வடிகட்டி, சில அடி நீளக் குழாய், வளைவுகள், இன்ஜின் பக்கத்தில் இன்னொரு வடிகட்டி என்று வழி முழுக்கத் தடை. ஒவ்வொரு தடையும் கிணற்றைக் கொஞ்சம் ஆழமாக்குவது போலத்தான்.

கொலராடோவில் இதற்கு மேலும் ஒரு சங்கடம். கடல் மட்டத்தில் காற்றின் அழுத்தம் 14.7 பிஎஸ்ஐ. டென்வரில் அது 12 சொச்சம். அங்கிருந்து மேற்கே மலையேறி, 11,000 அடிக்கு மேல் இருக்கும் ஐசன்ஹோவர் சுரங்கப்பாதைக்குப் போனால் 10 பக்கம் வந்துவிடும். டீசலைத் தள்ளும் கையே அங்கே மூன்றில் ஒரு பங்கு வலுவிழந்து நிற்கிறது. இன்ஜின் அதிக டீசல் கேட்பதும் அதே ஏற்றத்தில்தான்.

சுருக்கமாகச் சொன்னால், பம்பைத் தொட்டிக்குப் பக்கத்தில் வைத்து இன்ஜின் வரை தள்ளவிடுவது, இன்ஜின் பக்கத்தில் வைத்து இழுக்கவிடுவதைவிட நல்லது. தனியாக வாங்கும் லிஃப்ட் பம்புகளைத் தொட்டிக்கு அருகே சேஸிஸில் மாட்டுவது இதற்காகத்தான்.

சோடா மூடியைத் திறந்தால்

இழுவையில் இன்னொரு கெடுதல் உண்டு. டீசலில் காற்று கரைந்திருக்கும். சோடா பாட்டில் மூடியிருக்கும்போது குமிழி தெரியாது. மூடியைத் திறந்து அழுத்தம் குறைந்ததும் பொங்குகிறது. உறிஞ்சும் குழாயில் அழுத்தம் குறையும்போது டீசலுக்கும் அப்படித்தான் ஆகிறது. கரைந்திருந்த காற்று குமிழியாகப் பிரிகிறது. போதாததற்கு, இன்ஜினிலிருந்து திரும்பும் சூடான டீசல் தொட்டியில் கொட்டிக் கலக்கி, நுரையும் சேர்க்கிறது.

டீசலை அழுத்தினால் அழுத்தம் ஏறும். காற்றை அழுத்தினால் அது சுருங்கிக்கொள்ளும். ஊசி போடும் முன் நர்ஸ் சிரிஞ்சிலிருந்து காற்றை வெளியேற்றுவதைப் பார்த்திருப்பீர்கள். ஹை பிரஷர் பம்புக்குள் காற்று போனால் அந்தச் சுற்றில் அழுத்தம் முழுசாக ஏறாது. அதைவிட முக்கியம், குமிழி உடைகிற இடத்தில் உலோகம் அரிக்கும்.

இங்கே கொத்தனார் உவமை கொஞ்சம் உதைக்கிறது. கல் வராவிட்டால் கொத்தனார் பீடி பற்றவைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார், அவருக்கு ஒன்றும் ஆகாது. நாம் பேசும் ஹை பிரஷர் பம்புக்குள்ளே சுற்றும் பாகங்களுக்கு மசகும் குளிர்ச்சியும் டீசல்தான், தனியாக ஆயில் கிடையாது. டீசல் குறைந்தால் காய்ந்து உராயும். சித்தாள் லீவு போட்டால் கொத்தனார் செத்துப்போகிற வேலை இது.

ஷவரும் வாஷிங் மெஷினும்

நீங்கள் ஷவரில் குளிக்கும்போது வீட்டில் யாராவது வாஷிங் மெஷினைப் போட்டால் ஷவர் மெலிந்துபோகும். இரண்டும் மூடியிருக்கும்போது குழாயில் அழுத்தம் நன்றாகத்தான் இருந்திருக்கும். அதாவது நின்ற தண்ணீரின் அழுத்தத்தை வைத்து, ஓடும்போது எவ்வளவு வரும் என்று சொல்ல முடியாது.

லிஃப்ட் பம்பைச் சோதிக்கும்போது பலரும் தவறுவது இதில்தான். வண்டியை நிறுத்தி வைத்து, இன்ஜினை ஐடிலில் ஓடவிட்டு, அழுத்தம் காட்டும் அளவி 12 பிஎஸ்ஐ காட்டியதும் பம்ப் நல்லா இருக்கு என்று பானட்டை மூடிவிடுகிறார்கள். நண்பரின் வண்டியும் ஐடிலில் 12 காட்டியது. டிரெய்லரைக் கட்டிக்கொண்டு ஏற்றத்தில் ஆக்சிலரேட்டரை மிதித்தபோது முள் சரசரவென இறங்கி 3ல் போய் நின்றது. ஏற்றம் முடிந்து காலை எடுத்ததும் மறுபடி 12. பட்டறையில் நிறுத்திப் பார்த்தவர்கள் எல்லோரும் பம்பில் குறையில்லை என்று சொன்னதில் ஆச்சரியமில்லை.

அழுத்தம் என்பது ஓட்டத்துக்கு வரும் தடையின் அளவு. ஓட்டம் என்பது ஒரு மணி நேரத்தில் எத்தனை லிட்டர் வருகிறது என்பது. ஹை பிரஷர் பம்பின் வாசலில், இன்ஜின் அதிகமாகக் குடிக்கும் நேரத்தில், கொஞ்சமாவது அழுத்தம் மிச்சம் இருக்கிறதா என்பதுதான் பார்க்க வேண்டியது.

எந்த வண்டிகளில் இந்தப் பேச்சு எழுந்தது

எல்லா டீசல் பிக்கப்புக்கும் இது வேண்டும் என்பதில்லை. பேச்சு சூடுபிடித்ததற்கு மூன்று காரணங்களைச் சொல்லலாம்.

முதலாவது, 1998 நடுவிலிருந்து 2002 வரை வந்த 24 வால்வு கம்மின்ஸ் இன்ஜின் போட்ட டாட்ஜ் ராம். இதில் ஹை பிரஷர் பம்பாக இருந்தது பாஷ் நிறுவனத்தின் விபி44 என்ற இன்ஜெக்‌ஷன் பம்ப். அதற்கு டீசல் கொடுக்கும் சின்ன மின்சார லிஃப்ட் பம்பை இன்ஜின் பிளாக்கிலேயே பொருத்தியிருந்தார்கள். தொட்டியிலிருந்து தூரம், மேலே இன்ஜின் சூடும் அதிர்வும். கிணற்றுக்கு மேலே மோட்டார் வைத்த கதைதான். லிஃப்ட் பம்ப் சத்தமில்லாமல் சோர்ந்துவிடும், டிரைவருக்குத் தெரியாது. டீசல் குறைந்த விபி44 சூடாகிச் சாகும்போதுதான் தெரியும். புது விபி44 வாங்கி மாட்டி, பழைய லிஃப்ட் பம்பை அப்படியே விட்டு, அதையும் சாகடித்தவர்கள் உண்டு. பின்னாளில் ராமில் லிஃப்ட் பம்பைத் தொட்டிக்குள்ளேயே கொண்டுபோய் வைத்தார்கள்.

இரண்டாவது, ஜெனரல் மோட்டார்ஸின் டுராமேக்ஸ். 2001 முதல் 2016 வரை வந்த பிக்கப்புகளில் லிஃப்ட் பம்பே கிடையாது. கொத்தனாரே கீழே இறங்கிப் போய்க் கல்லை எடுத்து வந்தார். ஹை பிரஷர் பம்பின் பின்புறம் இருக்கும் சின்ன கியர் பம்ப்தான் தொட்டியிலிருந்து இழுத்தாக வேண்டும். சாதாரண ஓட்டத்துக்கு அது போதும், லட்சக்கணக்கான மைல் ஓடிய வண்டிகளும் இருக்கின்றன. வடிகட்டி அடைத்து, பாரமும் ஏற்றினால்தான் திணறும்.

மூன்றாவது, சிபி4 என்ற ஹை பிரஷர் பம்ப். இதுவும் பாஷ் தயாரிப்புதான். 2011 முதல் ஃபோர்டின் 6.7 லிட்டர் இன்ஜினிலும் டுராமேக்ஸிலும் வந்தது. இதில் உள்ள உருளை ஒன்று தன் பாதையிலிருந்து திரும்பிக்கொண்டால் இரும்பும் இரும்பும் உராய்ந்து துகள் துகளாகி, அந்தத் துகள் சிலிண்டருக்குள் டீசலைப் பீய்ச்சும் இன்ஜெக்டர்வரை பரவிவிடும். பத்தாயிரம் டாலர் பேச்சு இங்கிருந்துதான் வருகிறது. டீசலின் வழுவழுப்பையும் காரணமாகச் சொல்வார்கள். வழுவழுப்பைச் சோதிக்க, எஃகுக் குண்டு ஒன்றை டீசலில் வைத்து உரசி, தேய்ந்த வடுவை அளப்பார்கள். அமெரிக்கத் தர விதி 520 மைக்ரான் வடுவரை அனுமதிக்கிறது, ஐரோப்பிய விதி 460 வரைதான். ஒரு மைக்ரான் என்பது ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. ராம் 2019, 2020 மாடல்களில் சிபி4க்கு மாறியது, 2021ல் அதற்கு முன் இருந்த சிபி3 பம்புக்கே திரும்பியது. அந்த இரண்டு வருட வண்டிகளில் 2 லட்சத்துக்கும் மேற்பட்டவை இந்தப் பம்புக்காகத் திரும்ப அழைக்கப்பட்டன.

லிஃப்ட் பம்ப் போட்டால் சிபி4 உடையாது என்று விற்பவர்கள் சொல்வதை நான் முழுசாக நம்புவதில்லை. காற்றில்லாத, தட்டுப்பாடில்லாத டீசல் கிடைத்தால் அதன் பாடு குறையும், அவ்வளவுதான். உள்ளே உருளை திரும்பிக்கொள்வதை வெளியிலிருக்கும் பம்ப் எப்படித் தடுக்கும்?

பவர் ஏறுமா?

ஏறாது. ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 2005 வாக்கில் ராமில் இருந்த 5.9 லிட்டர் கம்மின்ஸ் 325 குதிரைத்திறன். முழு வலுவில் ஓடினால் மணிக்கு ஏறக்குறைய 65 லிட்டர் டீசல் எரிக்கும். கடையில் விற்கும் லிஃப்ட் பம்புகளில் பிரபலமான ஒரு அளவு மணிக்கு 150 கேலன், அதாவது 568 லிட்டர். இன்ஜின் எரிப்பதைப் போல எட்டு மடங்குக்கும் மேல். மிச்சமெல்லாம் சுற்றித் தொட்டிக்கே திரும்புகிறது. எவ்வளவு டீசல் சிலிண்டருக்குள் போக வேண்டும் என்று தீர்மானிப்பது இன்ஜின் கம்ப்யூட்டர். இரண்டு சித்தாள் கூடுதலாக வந்தார்கள் என்பதற்காகச் சுவர் உயரமாகிவிடாது.

"மாட்டினேன், பறக்குது" என்றவர் அப்போ பொய் சொல்கிறாரா? இல்லை. அவருடைய பழைய பம்ப் ஏற்கெனவே சோர்ந்துபோயிருக்கும், இழந்த பவர்தான் திரும்ப வந்திருக்கிறது. அல்லது இன்ஜின் கம்ப்யூட்டரில் டியூனிங் செய்து அதிக டீசல் கேட்க வைத்திருப்பார். அப்படிச் செய்தவர்களுக்குப் பெரிய லிஃப்ட் பம்ப் கட்டாயம் என்றே சொல்லலாம்.

பெரிசாக வாங்கினால் நல்லதுதானே என்று நினைக்க வேண்டாம். அழுத்தம் அளவுக்கு மீறினால் ஹை பிரஷர் பம்பின் சீல் தாண்டி டீசல் இன்ஜின் ஆயிலில் கலக்கும். மாட்டிய பிறகு சில நாட்கள் ஆயில் டிப்ஸ்டிக்கை எடுத்துப் பார்ப்பது நல்ல பழக்கம். மட்டம் ஏறி, டீசல் வாடை அடித்தால் வண்டியை ஓட்டாதீர்கள். அப்புறம், பெட்டியில் எழுதியிருக்கும் கேலன் கணக்கு எந்த அழுத்தத்தில் அளந்தது என்றும் கேளுங்கள். தடையே இல்லாமல் அளந்ததற்கும், 15 பிஎஸ்ஐ எதிர்ப்பில் அளந்ததற்கும் நிறைய வித்தியாசம்.

மாட்டும் வேலை

ஃபாஸ், ஏர்டாக் போன்ற பிராண்டு கிட்டுகளில் பம்ப், டீசல் வடிகட்டி, தண்ணீரைப் பிரிக்கும் வடிகட்டி மூன்றும் ஒரே தொகுதியாக வரும். அதைத் தொட்டிக்கு அருகே சேஸிஸில் போல்ட் போட்டு மாட்டுவது அரை மணி நேர வேலை. நாள் முழுக்க இழுப்பது தொட்டிக்குள் குழாய் இறக்கும் வேலை. தொட்டியைக் கீழே இறக்கலாம். தொட்டியில் டீசல் நிறைய இருந்தால் அந்தப் பேச்சுக்கே இடமில்லை. நாங்கள் பின்னால் சரக்கு ஏற்றும் பெட்டியின் போல்ட்டுகளைக் கழற்றி, நாலு பேர் சேர்ந்து அதைத் தூக்கித் தள்ளி வைத்தோம். தொட்டியின் வாய் கண்ணுக்கு நேரே வந்தது.

அங்கே உறிஞ்சும் குழாய் எங்கே நிற்கிறது, திரும்பும் டீசல் எங்கே விழுகிறது என்பதைக் கவனிக்க வேண்டும். இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் இருந்தால் நுரையையே திரும்ப உறிஞ்சும். தொட்டி கால் பாகத்துக்குக் கீழே வந்ததும் வண்டி விக்குகிறது என்று பலர் புலம்புவதற்கு இந்த இரண்டு குழாய்களின் இடம்தான் பெரும்பாலும் காரணம். தொட்டியின் அடியில் ஓட்டை போட்டுக் கிண்ணம் மாதிரி ஒன்றைப் பொருத்தி அதிலிருந்து எடுப்பவர்களும் இருக்கிறார்கள். கல்லும் கட்டையும் அடிக்கிற பாதையில் ஓடும் வண்டிக்கு அது எனக்குச் சரியாகப் படவில்லை.

மின்சாரப் பக்கம் ஒரே ஒரு விஷயம். பழைய பம்புக்கு வந்த ஒயரைப் புதுப் பம்புக்கு நேராகக் கொடுக்கக் கூடாது. பெரிய பம்ப் அதிக கரண்ட் இழுக்கும், சின்ன ஒயரும் அதன் பின்னால் இருக்கும் கம்ப்யூட்டரும் தாங்காது. நடுவில் ரிலே வேண்டும். சின்ன கரண்ட் வந்ததும் பெரிய கரண்டைத் திறந்துவிடும் சுவிட்ச்தான் ரிலே. பழைய ஒயர் ரிலேயைத் தட்டி எழுப்பும், பம்புக்கான கரண்ட் ஃபியூஸ் வழியாகப் பேட்டரியிலிருந்து தடித்த ஒயரில் நேராக வரும். லோ வோல்டேஜில் வீட்டு ஃபேன் எப்படிச் சுற்றும் என்று தெரியுமல்லவா, ஒயர் மெலிந்தால் பம்பும் அப்படித்தான் சுற்றும்.

மினசோட்டா மாதிரி உறைபனி ஊர்களில் இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. இன்ஜின் சூட்டில் இருந்த வடிகட்டி இப்போது சேஸிஸில் குளிர்காற்றில் தொங்குகிறது. குளிரில் டீசலில் உள்ள மெழுகு திரண்டு வடிகட்டியை அடைக்கும். அங்கே ஹீட்டரோடு வரும் கிட் வாங்குவது நல்லது.

முதல் ஸ்டார்ட்

குழாய்களில் இப்போது இருப்பது காற்றுதான். அதை வெளியேற்றி டீசலை நிரப்புவதற்கு பிரைமிங் என்று பெயர். சாவியை ஆன் செய்து பம்ப் ஓடும் சத்தம் கேட்கவிட்டு, ஆஃப் செய்து, மறுபடி ஆன். நாலைந்து முறை செய்தால் பெரும்பாலும் நிரம்பிவிடும். பழைய பழக்கத்தில் காற்றெடுக்க ஹை பிரஷர் குழாய் நட்டைத் தளர்த்தப் போகாதீர்கள். இருபதாயிரம் பிஎஸ்ஐயில் பீய்ச்சும் டீசல் தோலைத் துளைத்துக்கொண்டு உள்ளே போகும். வெளியே சின்னப் புள்ளிதான் தெரியும், ஆனால் உடனே அறுவை சிகிச்சைக்குப் போக வேண்டிய காயம் அது.

எங்கள் வண்டி ஸ்டார்ட் ஆனது. ஆனால் பம்பின் சத்தம் சீராக இல்லை, அளவி முள் நடுங்கியது. கீழே படுத்து டார்ச் அடித்து ஒவ்வொரு இணைப்பாகத் தடவிப் பார்த்தோம். ஒரு சொட்டு டீசல் ஒழுகவில்லை. ஒழுகாததுதான் எங்களை ஏமாற்றியது. பம்புக்கு அப்பால், தள்ளும் பக்கம் ஓட்டை இருந்தால் டீசல் வெளியே வரும். பம்புக்கு முன்னால், உறிஞ்சும் பக்கம் ஓட்டை இருந்தால் காற்று உள்ளே போகும், வெளியே தடயமே இருக்காது.

நண்பர் கடைக்குப் போய் ஒரு முழ நீளத்துக்கு டீசல் தாங்கும், உள்ளே ஓடுவது வெளியே தெரிகிற குழாய் வாங்கிவந்து பம்புக்கு முன்னால் சேர்த்தார். இன்ஜினை ஓடவிட்டோம். டீசலுக்குள் கடுகு அளவுக் குமிழிகள் வரிசையாக ஓடிக்கொண்டிருந்தன. தொட்டிக்கு மேலே குழாய் பூட்டும் கிளிப் ஒன்று, பூட்டியது போல் நின்றிருந்தது, ஆனால் உள்ளே போகவில்லை. காலையில் அதை மாட்டியது நான்தான். கட்டைவிரலால் அழுத்தியதும் 'டக்' என்று கேட்டது. இரண்டு நிமிடத்தில் குமிழி நின்று, குழாய்க்குள் எதுவுமே ஓடவில்லையோ என்று நினைக்கும்படி டீசல் தெளிவாக ஓடியது.

அடுத்த சனிக்கிழமை அதே டிரெய்லர், அதே ஏற்றம். முள் 14லிருந்து இறங்கி 11ல் நின்றது. வண்டி முன்னைவிட வேகமாகவெல்லாம் ஏறவில்லை.